ஜூன் மாசத்து நம்பிக்கை

கோடம்பாக்கத்துல இருந்து பீச் போற மின்சார ரயில்ல ஏறினா அடுத்த ஸ்டேஷன் நுங்கம்பாக்கம். அதை ஒட்டி இருக்கறது லயோலா கல்லூரி. 1925ல பாதிரியார் பெர்ட்ராம் ஆரம்பிச்சது. நம்ம மக்களுக்கு லயோலான்னா விஸ்காம், இல்லேன்னா தேர்தல் கருத்துக்கணிப்பு. இந்தப் பதிவு ரெண்டைப் பத்தியும் இல்லை. கல்லூரி டீம்களைப் பத்தி.

கல்லூரி டீமுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. கிளப் டீம்ல நல்ல ஆட்டக்காரர் பத்து வருஷம்கூட ஆடலாம். கல்லூரியில மூணே வருஷம், இன்ஜினியரிங்னா நாலு. பையன் நல்லா ஆட ஆரம்பிக்கிற நேரத்துல கையில டிகிரியைக் கொடுத்து அனுப்பிடுவாங்க. அதனால ஒவ்வொரு ஜூன்லயும் டீமை மறுபடி கட்டணும். போன வருஷம் கோப்பை ஜெயிச்ச காலேஜுக்கும், முதல் ரவுண்டுலயே தோத்த காலேஜுக்கும் அப்ப ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் புதுசா யாருப்பா வர்றாங்க?"

ஆக, சீசனுக்கு முந்தின நம்பிக்கையெல்லாம் வாசல்லதான் இருக்கு. யாரை உள்ளே விடறாங்க என்பதுதான் விஷயம்.

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு அருமையான உதாரணம் இருக்கு. லயோலாவோட பெர்ட்ராம் டென்னிஸ் போட்டி கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமானது. அதுல ஆட ஒரு ஸ்கூல் பையனுக்கு அப்போதைய முதல்வர் கார்டன் தனி அனுமதி கொடுத்தார். பையன் ராமகிருஷ்ணா மிஷன் பள்ளியில படிச்சுக்கிட்டிருந்தான். 1951ல காலேஜ் அண்ணன்களை எல்லாம் தாண்டிப் பட்டத்தையே தட்டிட்டுப் போயிட்டான். பேரு ராமநாதன் கிருஷ்ணன்!

அப்புறம் அவர் லயோலாவுலயே படிச்சார். 1954ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம். அதை ஜெயிச்ச முதல் ஆசியர் அவர்தான். 1960லயும் 1961லயும் விம்பிள்டன் அரையிறுதி வரைக்கும் போனார். அங்கே அவரைத் தோற்கடிச்ச நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும்தான் அந்தந்த வருஷத்து சாம்பியன்கள்.

விதிமுறையைக் காட்டி, "காலேஜுக்கு வந்தப்புறம் பார்க்கலாம் தம்பி"ன்னு கார்டன் சொல்லியிருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்லலை. அதுதான் எனக்குப் பிடிச்சது.

நம்ம இன்ஜினியர் ஜாதியும் இதுல சளைச்சதில்லை :-) கிண்டியில இன்ஜினியரிங் படிச்ச வெங்கட்ராகவன் 1965ல, பத்தொன்பது வயசுல, நியூசிலாந்துக்கு எதிரா டெஸ்ட் ஆட வந்துட்டார். (அந்த வயசுல நம்மாளுங்க கணக்கு அரியருக்கு படிச்சுக்கிட்டிருப்பாங்க.) அதே தொடர்ல டெல்லி டெஸ்ட்ல 12 விக்கெட். அதே கிண்டி கல்லூரியோட இன்னொரு இன்ஜினியர் ஸ்ரீகாந்த் 1981ல இந்திய டீமுக்கு வந்தார். பக்கத்து மேற்கு மாம்பலம் அஸ்வின் எஸ்.எஸ்.என்.ல ஐ.டி. படிச்சவர். 537 டெஸ்ட் விக்கெட்டோட 2024ல ஓய்வு.

காலேஜ் டீம், யூனிவர்சிட்டி டீம், அப்புறம் ரஞ்சின்னு அப்ப ஒரு ஏணி இருந்தது. 1935ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகங்களுக்கான ரோஹின்டன் பாரியா கோப்பை அதுல முக்கியமான படி. இப்ப பன்னெண்டு வயசுலயே அகாடமி, வயசுவாரியா மாநில டீம், 2016ல இருந்து டி.என்.பி.எல். அப்ப காலேஜ் டீம் எதுக்குன்னு கேக்கறாங்க.

அகாடமிக்கு மாசாமாசம் ஃபீஸ் கட்டணும். காலேஜ் கிரவுண்டுக்கு அது வேண்டாம். இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டு ஒதுக்கீட்டுக்காரங்களை பொதுப்பிரிவுக்கு முன்னாடியே கூப்பிடறாங்க. வசதியில்லாத ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ அந்த ஒரு சீட் விளையாட்டு மட்டுமில்லை, குடும்பத்தோட முதல் டிகிரியாவும் இருக்கலாம்.

ஆனா சீட் கொடுத்தா மட்டும் போதாது. நான் படிச்ச காலேஜ்ல (பேரு வேணாமே) கபடி டீம்ல இருந்த என் ரூம்மேட்டை ஸ்போர்ட்ஸ் கோட்டாவுலதான் சேர்த்தாங்க. ஜோனல் மேட்ச் வந்தப்ப ஓ.டி. கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேணுமாம். ரெண்டாவது வருஷத்தோட ஆட்டத்தையே விட்டுட்டான்.

டீமுக்கு ஆள் தேடறது ஜூன் மாசத்து வேலை. வந்தவனை மார்ச் வரைக்கும் ஆட விடறதுதான் கஷ்டம். கார்டன் மாதிரி நாலு பேர் ஆபீஸ் ரூம்ல இருந்தா போதும், மத்ததைப் பசங்க பார்த்துக்குவாங்க.