சிறுநீரக நோயாய்வும் உழவர் சமூகமும்: கட்டைபறிச்சானிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கட்டைபறிச்சான், திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பிரதேசத்தில், கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே அமைந்த கமக்காரக் கிராமமாகும். இக்குடாவையும் அதன் எதிர்க்கரையிலுள்ள இயற்கைத் துறைமுகத்தையும் பற்றி ஏகாதிபத்தியங்கள் ஏராளமாக எழுதிவைத்துள்ளன. 1660 இல் கொட்டியாரத்திற் சிறைப்பட்ட ரொபேட் நொக்ஸ் தொடக்கம், 1957 இல் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்ற பிரித்தானியர் வரை, இப்பகுதி பற்றிய எழுத்துக்களிற் பெரும்பாலானவை துறைமுகத்தையே கண்டன. அதன் பின்னணியிலிருந்த வயலையும் அவ்வயலில் உழைத்தவனின் உடலையும் காணவில்லை. மருத்துவ ஆய்வின் வரலாற்றிலும் இதையொத்த குருட்டுத்தன்மை உண்டா என்னும் வினாவைச் சிறுநீரகச் செயலிழப்பு பற்றிய ஆய்வை முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவம் இலக்கிய மாணவரின் புலத்துக்குப் புறம்பானது என்று கூறப்படலாம். 1848 இல் மேற் சைலீசியாவிற் பரவிய கொள்ளைக்காய்ச்சலை ஆராயச் சென்ற மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோ, அதற்கு மருந்தாகக் கல்வியையும் சுயாட்சியையும் வாழ்க்கை மேம்பாட்டையும் பரிந்துரைத்தார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளரின் நோய்களை அவர்தம் வாழ்நிலையோடு இணைத்துக் காட்டியிருந்தார். நோய்க்குச் சமூக வரலாறு உண்டெனின், அந்நோய் பற்றிய ஆய்வுக்கும் அத்தகைய வரலாறு இருத்தல் வேண்டும்.

செயற்கைச் சிறுநீரகத்தின் தோற்றம் இவ்வகையிற் கவனத்துக்குரியது. 1943 இல், நாசிப் படைகளின் ஆக்கிரமிப்பிலிருந்த நெதர்லாந்தின் கம்பன் நகரில், வில்லெம் கொல்ஃப் என்னும் மருத்துவர், இறைச்சிப் பண்டங்களுக்கு உறையாகப் பயன்பட்ட செலோபேன் குழாயினூடே குருதியைச் செலுத்திக் கழிவுகளைப் பிரித்தெடுத்தார். தொடக்கத்திற் சிகிச்சை பெற்றோருட் பெரும்பாலார் இறந்தனர். 1945 இல் 67 வயதான பெண்ணொருவர் பிழைத்தார். எனினும் ஒவ்வொரு தடவையும் குருதிக்குழாயைப் புதிதாக வெட்டவேண்டியிருந்தமையால், நீடித்த நோய்க்கு இம்முறை பயன்படவில்லை. 1960 இல் சியற்றில் நகரிற் பெல்டிங் ஸ்கிறிப்னர், கையிலேயே நிலைத்திருக்கும் குழாயிணைப்பொன்றை உருவாக்கியதன் பின்னரே வாரந்தோறும் தொடரும் குருதிச் சுத்திகரிப்பு இயல்வதாயிற்று.

தொழில்நுட்பத் தடை நீங்கிய கணமே சமூகத் தடை வெளிப்பட்டது. பொறிகள் சில, நோயாளர் பலர். எவர் வாழ்வது என்பதைத் தீர்மானிக்கச் சியற்றிலில் எழுவர் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. வருமானம், குடும்ப நிலை, தொழில், தேவாலயத் தொடர்பு முதலியன அக்குழுவின் கவனத்துக்கு வந்தன என்பது 1962 இல் வெளியுலகுக்குத் தெரியவந்தபோது பெருங் கண்டனம் எழுந்தது. பத்தாண்டுகளின் பின், 1972 இல், அமெரிக்க அரசு இச்சிகிச்சைச் செலவைப் பெரும்பாலான நோயாளருக்குப் பொதுநிதியிலிருந்து ஏற்கும் சட்டத்தை இயற்றியது. இத்தகைய ஏற்பாடு இல்லாத நாடுகளில் அக்குழுவின் பணியை எவர் ஆற்றினர்? பணப்பையும் பயணத் தூரமுமே ஆற்றின. 2010 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 26 இலட்சம் பேர் குருதிச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோ பெற்றனர் எனவும், அச்சிகிச்சை கிட்டாமையாற் குறைந்தது 22 இலட்சத்து 80 ஆயிரம் பேர் அகாலத்தில் இறந்திருக்கலாம் எனவும் 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவ்வாறு இறந்தோரிற் பெரும்பாலார் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழ்ந்தவர்கள்.

மாற்றுச் சிறுநீரகத்தின் வரலாறு இன்னும் கூர்மையானது. 1954 இல் பொஸ்ரனில் ஒத்த இரட்டையரிடையே முதல் வெற்றி கிட்டியது. 1971 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நிகழ்ந்தது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் மேம்பட்டு, உறவினரல்லாதாரின் உறுப்பும் பொருந்தத் தொடங்கியபோது உறுப்பு ஒரு பண்டமாயிற்று. விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் 1994 இல் வந்தது. இலங்கையின் மனித இழைய மாற்றுச் சட்டம் 1987 ஆம் ஆண்டினது. 2001 இல் சென்னையில், சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் ஓர் ஆய்வு நடாத்தப்பட்டது. அவர்களுள் 96 சதவீதத்தினர் கடனடைக்கவே விற்றிருந்தனர். விற்ற பின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றிலொரு பங்கு வீழ்ந்திருந்தது. நான்கில் மூவர் அப்போதும் கடனாளிகளாகவே இருந்தனர். உழைப்புச் சக்தியை விற்பவன் மறுநாளும் அதனை விற்கலாம். உறுப்பை விற்றவனோ அதனோடு தன் உழைப்புச் சக்தியின் ஒரு பகுதியையும் இழந்தான். அரசியற் பொருளாதாரப் பாடத்தை இதனிலும் தெளிவாக உரைக்கும் மருத்துவ ஆய்வு அரிது.

இனி இலங்கைக்கு வருவோம். 1990களின் நடுப்பகுதி முதல் வடமத்திய மாகாணத்தின் நெற்செய்கைப் பகுதிகளில், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத கமக்காரர் சிறுநீரகச் செயலிழப்புற்று வைத்தியசாலைகளுக்கு வரலாயினர். மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய முதலிய இடங்கள் இவ்வகையிற் பெயர்பெற்றன. நிருவாக வகையில் திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்த பதவிசிறிபுரவும் இவற்றுள் ஒன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. கட்டைபறிச்சானும் பதவிசிறிபுரவும் ஒரே மாவட்டத்தின் இரு கோடிகள். ஒன்றில் தமிழ்க் கமக்காரர், மற்றதிற் சிங்களக் குடியேற்றவாசிகள். குடியேற்றத்தின் அரசியல் இவர்களை எதிரெதிரே நிறுத்தியது. ஆயின் குளத்து நீர், கிணற்று நீர், மானிய உரம், கடன், கொதிக்கும் வெயில் என்னும் உற்பத்தி நிலைமைகள் இருவருக்கும் பொதுவானவை. சிறுநீரகத்துக்கு இனம் இல்லை. அதனைத் தேயச் செய்யும் நிலைமைகளுக்கோ வர்க்கம் உண்டு.

2009 முதல் 2012 வரை சுகாதார அமைச்சும் உலக சுகாதார ஸ்தாபனமும் இணைந்து அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் ஆய்வு நடாத்தின. 2013 இல் வெளியான முடிவின்படி, வயது வேறுபாட்டைச் சீர்செய்து நோக்குமிடத்து ஆண்களில் 12.9 சதவீதத்தினரிடமும் பெண்களில் 16.9 சதவீதத்தினரிடமும் இந்நோய் காணப்பட்டது. எனினும் முற்றிய நிலைகள் ஆண்களிடத்தே மிகுந்திருந்தன. சேனைப்பயிர்ச்செய்கையில் ஈடுபட்டோர்க்கும் 39 வயதைக் கடந்தோர்க்கும் ஆபத்துக் கூடுதலாயிருந்தது. நோயாளரின் சிறுநீரிற் கட்மியம் மிகுந்திருந்தமையும் சுட்டப்பட்டது. 1962 இல் தொடங்கிய உர மானியமும், 1977 இன் பின்னர் திறந்த சந்தையும் துரித மகாவலித் திட்டமும் கொணர்ந்த இரசாயனச் செறிவுடைய வேளாண்மையும் இப்பின்னணியிற் பேசப்படலாயின.

இவ்விடத்து நாம் எமக்கே ஓர் எச்சரிக்கை விடுத்தல் வேண்டும். 2014 இல் சன்ன ஜயசுமண முதலியோர், கிளைபோசேற்றுக் களைகொல்லியும் வன்னீரும் உலோகங்களும் கூடியே நோயை விளைக்கின்றன என்னும் கருதுகோளை முன்வைத்தனர். பன்னாட்டுக் கம்பனியின் நஞ்சே காரணம் என்பது முற்போக்காளர் செவிக்கு இனிமையானது. 2015 இல் அக்களைகொல்லி தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. அதாவது, காரணம் நிறுவப்படுமுன் தடை வந்தது. தோட்ட முதலாளிகளின் தேவை முன்னின்றதும் அது தளர்ந்தது. 2021 இல் இரசாயன உரம் ஒரே நாளில் நிறுத்தப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்து, இழப்பைச் சுமந்தவன் கமக்காரனே. புளோரைட்டு, வன்னீர், கட்மியம், களைகொல்லி, வெப்பம் என்னும் காரணங்களுள் எதுவும் தனித்து ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. கருதுகோளைக் கோஷமாக்குதல் இயங்கியல் அன்று, அது அவசரமே.

மத்திய அமெரிக்காவின் அனுபவம் இங்கு ஒளியூட்டுவது. எல் சல்வடோரில் 2002 இல் முதலில் எழுத்தில் அறிக்கையிடப்பட்ட இதையொத்த நோய், கரும்பு வெட்டும் தொழிலாளரிடையே மிகுந்து காணப்பட்டது. வெட்டிய அளவுக்கே கூலி என்னும் முறையில், கடும் வெயிலில் நீரருந்தவும் நில்லாது உழைக்கும் உடல் ஈடுகொடுக்க முடியாமற் போகின்றது. நிக்கரகுவாவின் கரும்புத் தோட்டங்களில் நீரும் நிழலும் ஓய்வும் ஒழுங்காக வழங்கப்பட்டபோது சிறுநீரகப் பாதிப்புக் குறைந்தமையை ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். இதன் பொருள் யாது? இவ்விடத்து மருந்தென்பது குளிகையன்று. உற்பத்தி உறவில் ஏற்படும் மாற்றமே.

குளிகைகளின் ஆய்வும் முக்கியமானதே. 2020 இல் வெளியான டாப்பாகிளிபுளோசின் மருந்தாய்வில் 21 நாடுகளின் 4,304 நோயாளர் பங்குகொண்டனர்; மருந்து நோயின் முன்னேற்றத்தைத் தெளிவாகவே தாமதப்படுத்திற்று. ஆயின் அவ்வாய்விற் சேர, சிறுநீரிற் புரதம் குறித்த அளவுக்குமேல் வெளியேறுதல் நிபந்தனையாயிருந்தது. எமது கமக்காரரின் நோய், சிறுநீரக நுண்குழாய்களையும் இடையிழையத்தையும் தாக்குவது. புரத வெளியேற்றம் பெரும்பாலும் சொற்பமே. இலங்கை அந்த 21 நாடுகளில் இடம்பெறவுமில்லை. 2022 இல் வெளியான எம்பாகிளிபுளோசின் ஆய்வு, புரதம் குறைந்தோரையும் ஓரளவு சேர்த்துக்கொண்டமை முன்னேற்றமே; அதன் எட்டு நாடுகளிலும் இலங்கை இல்லை. இதனை எவரதும் தீய எண்ணமாக நாம் காணவில்லை. சந்தை எங்குள்ளதோ அங்கு கேள்வி எழுகின்றது. கேள்வி எழாத இடத்து விடையும் பிறப்பதில்லை.

அதேவேளை, பொதுநிதியில் நடந்த ஆய்வு ஏழை நாடுகளுக்கும் பயன்படலாம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 நோயாளரைக் கொண்டு நடாத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வு, குருதிச் சுத்திகரிப்பை முந்தித் தொடங்குவதால் ஆயுள் நீள்வதில்லை என நிறுவியது. அறிகுறிகளைக் கவனித்துப் பொறுத்தோர் சராசரியாக ஐந்து மாதங்களுக்கு மேல் பொறியின்றியே வாழ்ந்தனர். பொறிகள் அரிதான நாட்டில் இது பெருஞ் செய்தி.

நோயாளரின் குரல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆய்வுகள் எதனை அளக்க வேண்டும் என அண்மைக்காலத்தில் நோயாளரிடமே வினவப்பட்டபோது, அவர்கள் முன்வைத்தவற்றுள் முதன்மையானது களைப்பு. உடலுழைப்பே மூலதனமானவனுக்குக் களைப்பு என்பது கூலியிழப்பு. இவ்வினாவைக் கட்டைபறிச்சானிற் கேட்பதாயின் தமிழிற் கேட்க வேண்டும். சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் மொழிபெயர்த்தார். செகராசசேகரமும் பரராசசேகரமும் அதற்கும் முந்திய மரபின. இத்தகைய மொழியில் ஆய்வுச் சம்மதப் பத்திரம் நோயாளிக்கு விளங்காத மணிப்பிரவாளமாக இருப்பது மொழியின் குறையன்று. அவனைக் கருத்துடையவனாக எண்ணாமையின் குறை.

2021 இல் பொலன்னறுவையிற் சீன உதவியுடன் தேசிய சிறுநீரக விசேட வைத்தியசாலை திறக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயின் வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் பொறியோடு பிணைக்கப்பட வேண்டியவனுக்குத் தூரமே நோயின் ஒரு பகுதி. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை மூதூர் மக்கள் படகையும் மிதவைப் பாதைகளையும் நம்பியே நகருக்குச் சென்றனர். 2006 இன் போரிற் சம்பூரிலிருந்து பெயர்க்கப்பட்டோர் பல்லாண்டுகள் கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களில் வாழ்ந்தனர். அத்தகைய வாழ்வில் எந்த நோயாளியின் அட்டவணை பேணப்பட்டிருக்க இயலும்?

ஆகவே, கமக்காரனை ஆய்வுப் பொருளாக மட்டுமன்றி ஆய்வின் கேள்வியை வகுப்பவனாகவும் ஏற்றல், கிணற்று நீரையும் வேலை நேரத்தையும் மருந்தோடு ஒருங்கே ஆராய்தல், மாவட்டத்தின் இரு கோடிகளையும் இனம் கடந்து ஒரே வினாவின் கீழ்க் கொணர்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன என்பதே எமது முடிவு. கொட்டியாரக் குடாவைக் கண்டவர்கள் துறைமுகத்தின் ஆழத்தை அளந்தனர். அதன் கரையில் உழைப்பவனின் உடலை அளக்கும் ஆய்வு, அவனைக் கேட்டுத் தொடங்கட்டும்.