நகைக்கூத்தும் அரச வரலாறும்

சரித்திரக் கதைகளை நகைச்சுவையும் வீரமும் காதலும் கலந்து படமாக்குதல் ஹொங்கொங் திரைப்படக்காரர் கைவந்த கலையாகும். 1992ஆம் ஆண்டில் வோங் ஜிங் இயக்க, ஸ்டீபன் சௌ நடித்து வெளிவந்த ‘றோயல் ட்றாம்ப்’ அவ்வகையிற் பெயர்பெற்றது. ஜின் யோங் என்பார் ‘மிங் பாவ்’ பத்திரிகையில் 1969 முதல் 1972 வரை தொடராக எழுதிய ‘மானும் கொப்பரையும்’ என்னும் நாவலே அதற்கு மூலம். பரத்தையர் இல்லத்திற் பிறந்த வெய் சியாவோபாவ் என்னும் குறும்பன் அரண்மனையுட் புகுந்து, இளம் பேரரசனுக்குத் தோழனாகின்றான். அவன் கற்பனைப் பாத்திரம்; அவனைச் சூழ்ந்து நிற்பவருட் பலரோ மெய்யாக வாழ்ந்தவர். இவற்றுள் வரலாறு எது, புனைவு எது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மஞ்சு மரபினர் 1644இற் பீக்கிங் நகரைக் கைப்பற்றினர். 1661இல் ஷுன்சி பேரரசர் பெரியம்மை நோயால் இறந்தார். அவர்தம் மூன்றாம் மைந்தர் அந்நோய் கண்டு பிழைத்தவராதலின், மீண்டும் அது தாக்காதென்பதும் ஒரு காரணமாக அரசுரிமை பெற்றார். அவரே காங்சி. அப்பொழுது அவர் ஏழு வயது நிரம்பாத பாலகர். சோனின், சுக்சாகா, எபிலுன், ஓபோய் என்னும் நால்வர் அவர் பொருட்டு ஆட்சியை நடாத்தினர்.

நால்வருள் ஓபோய் நாளடைவில் ஏனையோரை விஞ்சினான். 1667இற் சோனின் இறந்தான். அவ்வாண்டே சுக்சாகா, ஓபோயின் வற்புறுத்தலாற் கொலைத் தண்டனை பெற்றான். பேரரசர் பெயரளவில் ஆட்சியை ஏற்றும், அதிகாரம் ஓபோயிடமே இருந்தது. 1669இற் காங்சி அவனைச் சிறைப்பிடித்தார். மற்போர் பயிலும் இளைஞரைத் தம்முடன் விளையாடுவோர்போற் சேர்த்துவைத்து, அவர்களைக் கொண்டே அவனை மடக்கினார் என்பது வழிவழி வந்த செய்தி. சோனினின் மகன் சொங்கோத்து இதற்குத் துணைநின்றான். ஆகவே, விளையாட்டாற் பெருவலியனை வீழ்த்துதல் என்னும் நகைக்கூத்தின் உயிர்நிலை வரலாற்றிலேயே உளது.

ஆயின், புனைவு வழுவும் இடங்களும் உள. கதையிற் பெரிதும் பேசப்படும் வானக மண்ணகச் சங்கம் காங்சியின் இளமைக் காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. சிங் அரசாவணங்களை ஆராய்ந்தோர் பலர், அது ஏறக்குறைய நூறாண்டு பிந்தி, 1760ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பூகியன் மாகாணத்தில் தோன்றியதென்பர். அதன் தலைவனாக வரும் சென் சின்னானோ, தாய்வானில் செங் குடும்பத்தாருக்கு மந்திரியாயிருந்த சென் யொங்குவாவைத் தழுவிய பாத்திரமாவான்.

இளவரசி சியென்னிங் பற்றிய வழுவே மனத்தை உறுத்துவது. கதையில் அவள் காங்சியின் உடன்பிறந்தாள். முரட்டுக் குறும்பும் காதலும் உடைய நகைப்பாத்திரம். வரலாற்றில் அவள் காங்சியின் தந்தைக்கு உடன்பிறந்தவள். யுனான் நிலத்தை ஆண்ட வூ சாங்குய்யின் மகனுக்கு 1653இல் அரசியல் நோக்கோடு மணஞ்செய்து கொடுக்கப்பட்டாள். 1673இல் வூ சாங்குய் கிளர்ச்சி செய்தான். அடுத்த ஆண்டில் அவள் கணவனும் மகனும் பேரரசர் ஆணையாற் கொல்லப்பட்டனர். அவள் 1704 வரை உயிர்வாழ்ந்தாள். மூன்று தசாப்தங்களாகிய அக்கைம்மை வாழ்வு நகைப்புக்குரியதன்று.

எனவே இத்தகைய படங்களைத் தள்ளிவிடுதல் வேண்டுமோ எனின், வேண்டா. அவை கண்டு மகிழற்பாலன. பாலகன் ஒருவன் அரசவையில் அஞ்சி வாழ்ந்த நிலையை ஏடுகளினும் தெளிவாய் உணர்த்துவன. ஆயினும் கூத்துக்கு ஒரு முடிபு வேண்டும். கொடியவன் வீழ்ந்தவுடன் திரை விழும். வரலாற்றுக்கு அத்தகைய முடிபில்லை. சிறையில் இறந்த ஓபோய்க்கு அவன் போர்த்தொண்டை நினைந்து, 1713இற் காங்சியே மீண்டும் பட்டமளித்தார். பகைவனையும் முழுமையாக எடைபோட அவ்வரசர்க்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது. வரலாறு பயில்வோர்க்கும் அப்பொறுமை வேண்டும் என்க.