மணிக்குள் கட்டிய அமிலம்

தாப்பாவிலிருந்து மலையேறி ரிங்லெட்டுக்கு வரும் லாரியின் டீசலில், செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளும் கொஞ்சம் கலந்திருக்கிறது. மலேசியாவில் இக்கலப்பு 2011இல் புத்ராஜெயாவில் 5 விழுக்காட்டுடன் தொடங்கியது. கலக்கும் பொருளுக்கு எஸ்டர் என்று பெயர். நாம் பலகாரத்தில் விடும் வாழைப்பழ எசன்சும் ஒருவகை எஸ்டர்தான்.

கொழுப்பு அமிலமும் மெத்தனாலும் சேர்ந்தால் எஸ்டரும் தண்ணீரும் உண்டாகும். ஆனால் சும்மா கலந்து வைத்தால் நெடுநேரம் பிடிக்கும். வலிய அமிலம் சிறிது விட்டுக் காய்ச்சினால் வேலை விரைவில் முடிவதை 1895இல் ஜெர்மனியில் எமில் பிஷரும் ஆர்தர் ஸ்பெயரும் காட்டினார்கள். தான் செலவாகாமல் பிறவற்றை விரைவுபடுத்தும் இத்தகைய பொருளை வினையூக்கி என்கிறோம். தொழிற்சாலைகள் மலிவான கந்தக அமிலத்தையே பிடித்துக்கொண்டன.

தொல்லை பிறகுதான். குழம்பில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா? அதுபோல அமிலம் சரக்கோடு கலந்துவிடும். காரமிட்டு முறிக்கவேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். இரும்புக் கலங்களையும் அது அரித்துவிடும். மேலிருந்து வருவதெல்லாம் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வந்து தங்குவதைப் பார்த்து வாழும் நமக்கு, கழுநீர் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு வழி, தண்ணீரைச் சுத்தம் செய்யப் போனவர்களிடமிருந்து கிடைத்தது. 1935இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இருவர், செயற்கைப் பிசின்கள் நீரிலுள்ள உப்புகளைப் பற்றிக்கொள்வதை வெளியிட்டனர். கிராமபோன் இசைத்தட்டைப் பொடித்துப் பார்த்ததில் தோன்றிய எண்ணம் அது என்றொரு கதையும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! 1940களில் அமெரிக்காவின் டி'அலேலியோ, பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் கந்தக அமிலத்தின் வேலைசெய்யும் பகுதியைப் பிணைத்தே வைத்துவிட்டார். 1960களில் துளைகள் நிறைந்த, ரவையளவு மணிகள் வந்தன. எஸ்டர் செய்யவும் அவை ஏற்றவை. அமிலம் மணியை விட்டுப் போகாது. வடிகட்டியில் தேயிலைத்தூள் நிற்பதுபோல மணிகள் நின்றுவிடும். மறுபடியும் பயன்படுத்தலாம்.

நல்ல செம்பனை எண்ணெய்க்கு இது தேவையில்லை, காரமே விரைவாகச் செய்துவிடும். ஆலைக் கழிவில் மிதக்கும் மட்ட எண்ணெயில்தான் கொழுப்பு அமிலம் தனித்து நிறைய இருக்கும். அதில் காரமிட்டால் சவர்க்காரமாகிவிடும். அங்கேதான் மணிக்கு வேலை.

குறையும் உண்டு. சுமார் 120 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் அமிலப் பகுதி கழன்றுவிடும். எஸ்டரோடு உண்டாகும் தண்ணீர் மணியின் வேகத்தைக் குறைக்கும். அழுக்கு எண்ணெயிலுள்ள உப்புகள் அமிலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால், மணிகளையே அமிலத்தில் கழுவி மீட்கவேண்டும். முன்னதைவிடக் குறைவுதான் என்றாலும், அந்தக் கழுநீரும் எங்காவது போகத்தான் வேண்டும்.