ஏழாம் நம்பர்ல வைங்க: தியேட்டர் சத்தத்தின் கதை

2024 நவம்பர்ல 'கங்குவா' வந்தப்போ சத்தம் காதைக் கிழிக்குதுன்னு பெரிய பேச்சு ஆச்சு, ஞாபகம் இருக்கும். வால்யூமை ரெண்டு பாயிண்ட் குறைக்கச் சொல்லி தியேட்டர்களுக்குச் சொல்லியிருக்கோம்னு தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா பேட்டியில சொன்னார். அந்த "ரெண்டு பாயிண்ட்" என் மண்டைக்குள்ள நின்னுடுச்சு. எதுல ரெண்டு பாயிண்ட்? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

சினிமா சத்தத்துக்கு ஆரம்பத்துல இருந்தே ரெண்டு தலைவலி. ஒண்ணு, படமும் சத்தமும் ஒண்ணா ஓடணும். இன்னொண்ணு, மிக்ஸிங் ரூம்ல கேட்ட அளவுலயே தியேட்டர்லயும் கேக்கணும். முதலாவது ரொம்பக் கஷ்டமான பிரச்சினை, அதைத் தீர்த்தாச்சு. ரெண்டாவது சுலபமானது, அதுதான் இன்னும் தீரலை.

1926ல் வார்னர் பிரதர்ஸ் கொண்டுவந்த வைட்டஃபோன் முறையில் சத்தம் தனியா ஒரு இசைத்தட்டில் இருக்கும். 16 அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. ஊசி ஒரு வரி தாண்டினாப் போதும், உதடு ஒண்ணு பேசும், குரல் ஒண்ணு பேசும். ஃபிலிம் அறுந்து நாலு ஃப்ரேம் போனா, அந்த இடத்துல நாலு கறுப்பு ஃப்ரேம் ஒட்டணும். இல்லைன்னா அந்த ரீல் முழுக்க தப்பாவே ஓடும். அப்புறம் சத்தத்தை ஃபிலிம் ஓரத்துலயே அச்சடிச்சாங்க, சண்டை முடிஞ்சது.

வேடிக்கை என்னன்னா, 1993ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோட வந்த டி.டி.எஸ். மறுபடியும் சத்தத்தைத் தட்டுக்கே கொண்டுபோச்சு. இந்தத் தடவை சி.டி.ராம். ஃபிலிம்ல படத்துக்கும் பழைய ஒலிக்கோட்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு டைம்கோடு: எந்த ரீல், அதுல எந்த இடம். புரொஜெக்டர் மேல இருக்கிற ரீடர் அதைப் படிக்கும். படம் லென்ஸுக்கு வர இன்னும் சில ஃப்ரேம் இருக்கறதால, பெட்டி அதைக் கணக்குப் பண்ணி அவ்வளவு நேரம் காத்திருந்து சத்தத்தை விடும். நம்ம ஊர்ல படம் நீளம்னு ஒரு பாட்டை வெட்டி எறிஞ்சாலும் கவலையில்லை, கோடு எங்க தாவுதோ சத்தமும் அங்கயே தாவிடும். கோடே அழிஞ்சுபோனா பழைய ஒலிக்கோட்டுக்கு மாறிக்கும். ஒரு இன்ஜினியரா இதை எப்பப் பார்த்தாலும் கைதட்டத் தோணும்.

சென்னை இதுல பின்தங்கலை. 1995 தீபாவளிக்கு வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையில் வந்த முதல் இந்தியப் படம். அடுத்த வருஷம் வந்த 'கறுப்பு ரோஜா'வை இந்தியாவின் முதல் டி.டி.எஸ். படம்னு சொல்வாங்க. பல தியேட்டர் வாசல்ல படத்தோட பேரைவிட "டி.டி.எஸ்." பெரிய எழுத்துல இருந்த காலம் அது.

மிக்ஸிங் ரூம்ல இதே பிரச்சினைக்கு வேற முகம். ரெண்டு டிஜிட்டல் மெஷின், ரெண்டும் 48,000 சாம்பிள்னு சொல்லும். ஆனா ரெண்டு கிரிஸ்டலும் ஒண்ணுபோல துடிக்காது. பத்து லட்சத்துல வெறும் 10 வித்தியாசம்னு வைங்க, ரெண்டரை மணி நேரப் படத்துல 90 மில்லிசெகண்ட், அதாவது ரெண்டு ஃப்ரேமுக்கு மேல நழுவிடும். அதுக்கு முன்னாடியே ஸ்பீக்கர்ல 'டிக் டிக்'னு கேக்க ஆரம்பிச்சிடும். அதனால ஒரே ஒரு மெஷின் தாளம் போடும், மத்தது எல்லாம் பின்பற்றும். அதுக்குப் பேர் வேர்ட் கிளாக். சேரப்பணஞ்சேரியைச் சுத்தி, ஒரகடம் பக்கத்துல லைன்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கன்வேயர் ஒரு கணக்குல, ரோபோ ஒரு கணக்குல ஓடினா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும்.

சரி, லெவல். டால்பி பெட்டியோட முகப்புல 0 முதல் 10 வரை ஒரு எண் இருக்கும். 7ல் வச்சு, பிங்க் நாய்ஸ்னு அருவி மாதிரி ஒரு இரைச்சலை ஓடவிட்டு, திரைக்குப் பின்னாடி இருக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கரும் சீட்டுல 85 டெசிபல் தர மாதிரி முடுக்கி வைப்பாங்க. மிக்ஸிங் ரூம்லயும் அதே 85. ரெண்டு இடமும் ஒரே அளவுகோல். அந்த ரெண்டு பாயிண்ட் இதுலதான். நாலுக்கு மேல ஒரு பாயிண்ட்னா சுமார் 3.3 டெசிபல், ரெண்டு குறைச்சா 6.7. அதாவது ஸ்பீக்கருக்குப் போற பவர் ஐந்தில் ஒரு பங்கு ஆயிடும்.

கணக்கு இவ்வளவு சுத்தமா இருந்தும் ஏன் சொதப்புது? விளம்பரமும் டிரெய்லரும் அலறும். யாராவது வெளிய வந்து மேனேஜர்கிட்ட சண்டை போடுவாங்க. ஆபரேட்டர் 5க்கு இறக்குவார், படம் ஆரம்பிச்சாலும் அங்கயே விட்டுடுவார். இப்போ வசனம் கேக்காது. இது தெரிஞ்ச மிக்ஸர் அடுத்த படத்துல தன்னோட மானிட்டரையே குறைச்சு வச்சுக்கிட்டு எல்லாத்தையும் ஏத்தி மிக்ஸ் பண்ணுவார். அதை ஒழுங்கா 7ல் ஓட்டுற தியேட்டர்ல கேட்டா காது போச்சு. அங்கயும் இறக்குவாங்க. நான் ஆபரேட்டரைத் திட்டமாட்டேன். சண்டைக்கு வர ஆளு அவர் முன்னாடிதான் நிக்கிறார், மிக்ஸர் முன்னாடி இல்ல.

இப்போ ஃபிலிம் இல்ல, சர்வர். விளம்பரத்துக்கு 4.5, படத்துக்கு 7னு பிளேலிஸ்ட்லயே எழுதி வைக்கலாம், பெட்டி தானா மாத்திக்கும். ஆனா முகப்புல இருக்கிற குமிழுக்குப் பூட்டு போடலைன்னா அது பாட்டுக்கு இறங்கும். உங்க ஊர் தியேட்டர்ல எந்த நம்பர்ல ஓடுதுன்னு ஆபரேட்டர் அண்ணன்கிட்ட ஒருதடவை கேட்டு எனக்கு அனுப்புங்க. வர்ற பதிலை அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.