ஒத்திகையும் ஒலிக்குறிப்பும்: அரங்க ஒலியை இயக்கிய முறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நாடக வரலாற்றை ஆராய்ந்தோர் பிரதிக்கும் நடிப்புக்கும் காட்சியமைப்புக்கும் அளித்த கவனத்தை ஒலிக்கு அளித்தாரல்லர். எழுந்த கணத்திலேயே ஒலி மறைந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும் ஒலியை இயக்கியோர் விட்டுச்சென்ற சுவடுகள் சில உள. ஓர் ஒத்திகையில் எது மாற்றப்பட்டது, எது மாற்ற இயலாது விடப்பட்டது என்பதை அவற்றினூடாக ஓரளவு அறியலாம். ஒலியைத் தாங்கிய சாதனமே ஒத்திகையின் சுதந்திரத்துக்கும் எல்லை வகுத்தது என்பது எமது கருத்தாகும். பிரித்தானிய, வட அமெரிக்க அரங்குகளே இங்கு நோக்கப்படுகின்றன.

ஒலிப்பதிவுக்கு முற்பட்ட காலத்தில் இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. உலோகத் தகட்டை உலுக்கியும் மர ஓடையில் குண்டுகளை உருட்டியும் இடியோசை உண்டாக்கப்பட்டது. 1766 இல் திறக்கப்பட்ட பிரிஸ்டல் அரங்கில் அத்தகைய ஓடை ஒன்று இன்றும் பேணப்படுகிறது. தகட்டை உலுக்கியவர் நடிகரின் குரலைக் கேட்டே உலுக்கினார். காட்சி மீண்டும் தொடங்கப்பட்டால் அவரும் உடன் திரும்பினார்.

மின்விசையால் இயங்கும் கிராமபோன் அரங்கினுள் புகுந்ததும் நிலைமை மாறியது. 1925 இல் பிரன்ஸ்விக் நிறுவனம் வெளியிட்ட கருவியின் பெயராகிய 'பனற்றோப்' என்பதே பிரித்தானிய அரங்கில் இசைத்தட்டுக் கருவிக்குப் பொதுப்பெயராயிற்று. தட்டில் மெழுகுப் பென்சிலால் அடையாளமிட்டு, உரிய வரியில் ஊசியை இறக்குவதே இயக்குநரின் திறமை. கை சற்று நடுங்கினால் குதிரைக் குளம்பொலிக்குப் பதில் அடுத்த வரியிலுள்ள கோச்சுவண்டி ஒலித்துவிடும். ஆயினும் தட்டில் ஒரு வசதி இருந்தது. நெறியாளர் மூன்றாங் காட்சியிலிருந்து முதற்காட்சிக்குத் தாவினால் ஊசியும் தாவலாம்.

1950களில் பரவத் தொடங்கிய ஒலிநாடா இவ்வசதியைப் பறித்துக்கொண்டது. சவர அலகினால் நாடாவைச் சாய்வாக வெட்டி, ஒலிகளை நாடகத்தின் வரிசைப்படியே ஒட்டினர். ஒவ்வோர் ஒலிக்கும் இடையில் ஒலி பதியாத வெள்ளை நாடாத் துண்டு ஒன்று இணைக்கப்பட்டது. அத்துண்டு வந்ததும் கருவியை நிறுத்திவிட்டால், அடுத்த ஒலி தொடங்குமிடத்தில் ஆயத்தமாக நிற்கும். இசைத்தட்டு ஒருபோதும் தராத துல்லியம் இது. ஆனால் ஒத்திகையில் பின்னோக்கிச் செல்வதெனின் நாடாவைச் சுற்றவேண்டும். ஓர் ஒலியை இடம்மாற்றுவதெனின் வெட்டி ஒட்டவேண்டும். மழை தொடர்கையில் இடி முழங்குவதெனின் இரண்டாவது கருவி வேண்டும். நடிகர்கள் காத்துநிற்க, அலகும் கையுமாக ஒருவர் குனிந்திருக்கும் காட்சி அக்கால ஒத்திகைகளுக்குப் புதிதன்று. துல்லியம் கூடியபோதெல்லாம் சுதந்திரமும் கூடியது எனக் கருதுதல் பொருந்தாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கணினி இவ்விரண்டையும் இணைத்தது. 2006 இல் அமெரிக்காவில் தோன்றிய பிகர் 53 நிறுவனத்தின் 'கியூலாப்' மென்பொருளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒலிக்குறிப்புகள் திரையில் ஒரு பட்டியலாக நிற்கும். ஒரு விசையை அழுத்த ஒன்று ஒலிக்கும், அடுத்தது ஆயத்தமாகும். ஒலியைத் தணித்தலும் தனியொரு குறிப்பாகவே அமையும். ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்று தானே எழுமாறும் அமைக்கலாம். (இவ்வசதியை அளவுகடந்து கையாளுமிடத்து, நடிகர் ஒலிக்காகக் காத்திருக்கும் நிலை ஏற்படுகிறது; தகட்டை உலுக்கியவர் காலத்தில் ஒலியே நடிகருக்காகக் காத்திருந்தது.) பதற்றத்தில் விசையை இருமுறை அழுத்திவிடும் கைக்கும் இம்மென்பொருளில் காப்பு உண்டு: குறித்த நேரத்துக்குள் வரும் இரண்டாவது அழுத்தம் ஏற்கப்படாதவாறு செய்யலாம்.

பட்டியலில் எதனையும் எங்கும் நகர்த்தலாம் என்பதே புதியதொரு சிக்கலுக்கும் வித்திட்டது. அரங்க முகாமையாளர் தம் பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு குறிப்பின் எண்ணையும் பென்சிலால் எழுதிவைத்து, அவ்வெண்ணைக் கூறியே ஆயத்தமும் ஆணையும் வழங்குவார். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் புதிய ஒலியொன்றைச் சேர்த்து, பின்வருவனவற்றுக்கெல்லாம் புதிய எண் இட்டால், திரையும் பிரதியும் முரண்படும்; அன்றிரவே தவறான ஒலி எழும். ஆதலால் புதியதற்கு 12.5 என எண்ணிட்டு ஏனையவற்றைத் தொடாது விடுவது வழக்கமாயிற்று. மென்பொருளாக்கத்தார் கண்ட முறையன்று இது. ஒத்திகை மேசையில் முன்னரே வழங்கியதாகும். கனடாவைச் சேர்ந்த சார்லி ரிச்மண்டின் முன்முயற்சியால் 1991 இல் வெளியான மிடி அரங்கக் கட்டுப்பாட்டு நியமமும் குறிப்பெண்களில் தசமப்புள்ளியை அனுமதித்தது. அரங்கத்தாரின் வழக்கமொன்று பொறியியல் நியமத்தில் இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது.

ஆராய்ச்சியாளருக்கு இவ்வெண்கள் பெறுமதியுடையவை. வெட்டி ஒட்டிய நாடாவில் ஒட்டின் தடம் எஞ்சும். தட்டில் மெழுகுக் கோடு எஞ்சும். கணினிக் கோப்போ ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்திய நிலையைத் தன்னுள் அழித்துக்கொள்கிறது. புதிய பதிப்பிற் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறப்பதுமில்லை. பல குழுக்கள் நாள்தோறும் தனிப்பிரதி எடுத்துவைப்பினும், நாடகம் முடிந்தபின் அவற்றைப் பேணுவோர் சிலரே. அந்நிலையில், முகாமையாளர் பிரதியின் ஓரத்தில் 12க்கும் 13க்கும் நடுவே நெருக்கி எழுதப்பட்ட 12.5 என்னும் எண்ணே, அவ்வொலி தொடக்கத் திட்டத்தில் இருக்கவில்லை, பின்னரே சேர்க்கப்பட்டது என்பதற்கு எஞ்சும் சான்றாக அமையக்கூடும்.