தேர்வுப் பட்டியலில் இல்லாத கல்வி

1836-இல் தொடங்கிய கல்கத்தாப் பொது நூலகத்தில் 300 ரூபாய் செலுத்தியவரே உரிமையாளர் ஆகலாம். 1903-இல் கர்சன் அதனை அரசு நூலகத்துடன் இணைத்து, இம்பீரியல் நூலகமாகப் பொதுமக்களுக்குத் திறந்தார்.

கிழக்கு வங்கத்தின் கிஷோர்கஞ்சிலிருந்து 1910-இல் கல்கத்தாவுக்கு வந்த நிரத் சந்திர சௌத்ரி அந்நூலகத்தின் வாசகருள் ஒருவர். வரலாற்றில் முதுகலைப் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. படைக்கணக்குத் துறையில் எழுத்தரானார். நூலகமோ பட்டத்தைக் கேட்கவில்லை. பள்ளியில் தொடங்கிய ஆங்கிலம், இலக்கணப் பாடமாக அன்றி, வரலாற்றைத் தேடிய வாசிப்பின் வழியே அவருக்கு வசமாயிற்று. முதல் ஆங்கில நூல் 1951-இல், அவரது 53-ஆம் வயதில் வெளிவந்தது. இங்கிலாந்தை அவர் நேரில் கண்டதோ 1955-இல்தான்! இறுதி நூல் 1997-இல், நூறு வயதை நெருங்கியபோது வந்தது.

பேரரசு குறித்த அவருடைய பரிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் இந்தியாவில் ஆங்கிலக் கல்வியின் வரலாற்றைப் பல்கலைக்கழக ஆவணங்களைக் கொண்டு மட்டும் எழுதினால், சௌத்ரி முதுகலைப் பட்டம் பெறாதவராகவே எஞ்சுவார். வகுப்பறைக்கு வெளியே கற்றவர்களை அறிய, நூலகங்களின் வரலாற்றையும் கல்வி வரலாறாகவே நாம் வாசிக்க வேண்டும்.