சைனாடவுனும் இரக்கத்தின் வாசலும்

சிங்கப்பூர்ச் சைனாடவுன் சீனர்களுக்கு மட்டுமே உரிய இடம் என்று நாம் எண்ணிவிடலாகாது. அதன் நடுவே, சௌத் பிரிட்ஜ் வீதியில், 1827இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. கப்பலில் வந்திறங்கிய தமிழர் பலருக்கு, வேலை கிடைக்கும்வரை தங்க இடம் தந்தது அக்கோயில்தான். இந்துக்களின் திருமணப் பதிவும் அங்கே நடந்தது. அந்தப் பதிவின் அருமை பின்னால்தான் தெரிந்தது.

தடை முதலில் சீனருக்கே வந்தது. 1933இன் அந்நியர் சட்டம் சீன ஆண்களின் வருகைக்கு அளவு வைத்தது. பெண்களுக்கு 1938 வரை அளவில்லை. அந்த இடைவெளியில்தான் சிவப்புத் தலைத்துணி கட்டிய சம்சுயிப் பெண்கள் பலர் வந்து, சைனாடவுனின் நெருக்கடியான அறைகளில் குடியிருந்து, கட்டட வேலைகளில் மண்ணும் கல்லும் சுமந்தார்கள். நம்மவரோ பிரிட்டிஷ் பிரஜைகள். அச்சட்டம் அவர்களைத் தொடவில்லை.

1953 ஆகஸ்ட் 1இல் நிலைமை மாறியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அமுலுக்கு வந்த குடிவரவுச் சட்டம் இந்தியரையும் கட்டுப்படுத்தியது. தொழில் திறமையுள்ளோர், வர்த்தகத்தை வளர்ப்போர், அங்கு வசிப்போரின் குடும்பத்தினர் ஆகியோரோடு, விசேட இரக்கத்துக்குரியோரும் வரலாம் என்றது.

இரக்கத்துக்கும் ஒரு வாசல் வைத்தார்களே என்று மகிழலாம். ஆனால் துன்பத்தைச் சொன்னால் போதாது, காட்ட வேண்டுமே! ஒரே மகன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறான். விதவைத் தாய் தஞ்சாவூர்க் கிராமத்தில் தனியே இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவன் தன் மகன் என்பதற்கு அவளிடம் என்ன அத்தாட்சி? பிறப்புப் பத்திரம் இராது. மணியார்டர் துண்டுகள் இருக்கலாம், கிராம முன்சீப்பிடம் ஒரு கடிதம் வாங்கலாம். மனைவியின் பாடும் அப்படியே. ஊரறியத் தாலி கட்டிய கல்யாணத்துக்கு ஊர்தான் சாட்சி. ஊரைக் கப்பலில் கொண்டுபோக முடியுமா? சிங்கப்பூரிலேயே திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய மாதர் சாசனம் 1961இல்தான் வந்தது. மிகவும் அல்லற்பட்டவரிடமே மிகக் குறைவான கடதாசி இருக்கும் என்பதைச் சட்டம் எழுதியோர் எண்ணவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இது நம் தோட்டங்களுக்குப் புதிய கதையல்ல. 1949இன் இந்திய பாக்கிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்தவர், தாம் மட்டுமன்றித் தம் மனைவி மக்களும் இலங்கையிலேயே தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போய்வந்த மனைவியைப் பற்றியும் கேள்வி எழுந்தது. சுமார் 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.